ஜியோஜீப்ரா: ஒரு கணித ஆசிரியரின் மதிப்பீடு

கணித வகுப்புக்கென வெளிவரும் மென்பொருள்களுள் பெரும்பாலானவை, ஆசிரியர் கரும்பலகையில் செய்வதையே திரையில் வண்ணமாகச் செய்து காட்டுகின்றன. ஜியோஜீப்ராவை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரேயொரு வசதிதான். வரைந்த உருவத்தின் புள்ளி ஒன்றைப் பிடித்து இழுக்கலாம். அப்போது, வரைந்தவர் எந்தத் தொடர்புகளை முறையாக அமைத்திருந்தாரோ அவை மட்டும் நிலைக்கும், கண்ணளவில் சரிசெய்தவை எல்லாம் குலைந்துவிடும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001 ஆம் ஆண்டு தம் முதுநிலை ஆய்வாகத் தொடங்கிய இம்மென்பொருள் இன்று வரைபடம், முப்பரிமாணம், இயற்கணிதம் எனப் பரந்து விரிந்திருந்தாலும், பள்ளி வகுப்பறையில் அதன் உயிர் இந்த இழுவையில்தான் இருக்கிறது.

ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு புள்ளிகளைப் பார்வைக்குச் சதுரமாகத் தெரியும்படி வைத்து இணைத்த மாணவி, ஒரு முனையை இழுத்தவுடன் தன் உருவம் கோணல்மாணலான நாற்கரமாவதைக் காண்கிறாள். அவள் செய்தது தவறு என்று அங்கே எவரும் சொல்லவில்லை. சதுரத்தைச் சதுரமாக வைத்திருப்பது எது என்னும் கேள்வி உருவத்திலிருந்தே எழுகிறது. செங்குத்துக்கோடும், பக்க அளவை ஆரமாகக் கொண்ட வட்டமும் அதற்குத் தேவை என்று அவளே கண்டடையும்போது, பாடநூலின் வரையறை மனப்பாடப் பொருளாக இருப்பது போய் அவளுக்குப் பயன்படும் பொருளாகிவிடுகிறது. கற்பவர் அறிவைப் பெற்றுக்கொள்வதில்லை, கட்டியெழுப்புகிறார் என்று உளவியலாளர் பியாஜே வகுத்த கட்டமைப்புவாதமும், கையால் ஒன்றைச் செய்து பார்க்கும்போதே அக்கட்டுமானம் வலுப்பெறும் என்று குழந்தைகளுக்கான லோகோ கணினிமொழியின் வழியே கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட் வாதிட்டதும் இந்தச் சதுரத்தில் கண்கூடாகத் தெரிகின்றன.

ஆனால் மென்பொருளை அப்படியே திறந்து கொடுத்தால் இப்பயன் கிட்டாது. ஒழுங்கு பலகோணம் வரையும் கருவி பட்டியலிலேயே இருப்பதால், இரண்டு புள்ளிகளைத் தொட்டு 4 என்று கொடுத்தால் சதுரம் தானே வந்து நிற்கும். எனவே நான் மிகவும் மதிக்கும் வசதி, கருவிப்பட்டையை ஆசிரியர் விருப்பப்படி மாற்றியமைக்க இடமளிப்பதாகும். புள்ளி, கோடு, வட்டம் ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கிவிட்டால் திரையில் எஞ்சுவது ஏறத்தாழ அளவுகோலும் கவராயமும்தான். எதைக் கொடுப்பது என்பதைக் காட்டிலும் எதை எடுத்துவிடுவது என்பதில்தான் ஆசிரியரின் பாடத்திட்டம் இருக்கிறது.

மேல்வகுப்புகளில் இதன் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் வெளிப்படுகின்றன. ஏதேனும் ஒரு நாற்கரம் வரைந்து, பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும். பிரெஞ்சுக் கணிதர் வாரிஞோனின் பெயரால் வழங்கும் இத்தேற்றம் 1731 இல் அச்சானது. முனைகளை எப்படி இழுத்தாலும், ஒரு முனை உள்ளே குழிந்துபோனாலும், உள்ளிருக்கும் இணைகரம் கலையாததைக் காணும் மாணவர்கள் அது எப்போது செவ்வகமாகும், எப்போது சாய்சதுரமாகும் என்று தாமாகவே தேடத் தொடங்குவார்கள். மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டும்போது செவ்வகம், அவை சம நீளமாகும்போது சாய்சதுரம் என்ற முடிவுக்கு அவர்களே வந்துசேர முடியும். இடர் அதற்குப் பிறகு வருகிறது. நூறு விதமாக இழுத்துப் பார்த்து நம்பிக்கை வந்தபின், நிரூபணம் எதற்கு என்று தோன்றிவிடும். போதாக்குறைக்கு, இரண்டு கோடுகளைத் தொட்டால் அவை இணையா என்று பதிலளிக்கும் ‘ரிலேஷன்’ கருவியும் ஜியோஜீப்ராவின் ‘கிளாசிக்’ என்னும் பதிப்பில் உண்டு. அதை நான் முதலிலேயே நீக்கிவிடுவேன். ‘உண்மையா?’ என்ற கேள்வியைத் திரைக்கு விட்டுவிட்டு, ‘ஏன்?’ என்ற கேள்வியை ஆசிரியர் கையில் எடுத்துக்கொண்டால், ஒரு மூலைவிட்டத்தை வரைந்து, முக்கோணத்தின் இரு பக்க நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும் என்னும் நடுப்புள்ளித் தேற்றத்துக்கு வந்துசேர அதிக நேரம் ஆகாது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கணித நூல்களின் இணையச் செயல்பாட்டுப் பகுதிகள் விரைவுக் குறியீட்டின் (QR code) வழியே ஜியோஜீப்ரா பணித்தாள்களைத் திறக்கச் செய்வது பாராட்டுக்குரியது. ஆயினும் அவற்றில் பல, ஏற்கெனவே வரைந்து முடித்த உருவத்தில் நழுவலை (மதிப்பை மாற்ற இழுக்கும் பொத்தானை) நகர்த்துமாறு படி 1, படி 2 என்று சொல்லி, கிடைக்கவேண்டிய விளைவையும் படமாக அருகிலேயே அச்சிட்டுவிடுகின்றன. விடையைக் காட்டிவிட்டுத் தேடச் சொல்வது, முடிச்சை அவிழ்த்துவிட்டு விடுகதை போடுவதைப் போன்றது. அத்தாள்களை ஒதுக்க வேண்டியதில்லை. பாடத்தின் தொடக்கத்தில் திறக்காமல், மாணவர்கள் தாமே வரைந்து முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்தால் பயனுண்டு.

‘ஜியோஜீப்ரா கிளாஸ்ரூம்’ என்னும் இணையப் பகுதியில் மாணவர்கள் ஒரு குறியீட்டைக் கொடுத்து நுழைய, ஒவ்வொருவரும் வரைவதை ஆசிரியர் அந்நேரத்திலேயே காணலாம். பெயர்களை மறைத்து, மாறுபட்ட இரண்டு வரைமுறைகளைத் திரையில் அடுத்தடுத்துக் காட்டி விவாதிக்கலாம் என்பதே இதன் முதன்மைப் பயன் என்பேன். கண்காணிப்புக் கருவியாக மட்டும் அதைக் கையாள்வது வீண். இணைய இணைப்பு நிலையில்லாத பள்ளிகளுக்குக் கணினியில் நிறுவிக்கொள்ளும் கிளாசிக் 5 பதிப்பே ஏற்றது. உருவம் வரையப்பட்ட வரிசையைப் படிப்படியாக மீண்டும் ஓட்டிக் காட்டும் வசதி அதில் இருப்பதால், மாணவர் எந்த வரிசையில் உருவத்தைக் கட்டினார் என்பதைக் கோப்பைத் திறந்தே அறியலாம்.

சில்லறைச் சிக்கல்களும் உள்ளன. கைப்பேசித் திரையில் அடுத்தடுத்த புள்ளிகளைத் துல்லியமாகத் தொடுவது கடினம். கிளாசிக் பதிப்பில் கோணத்துக்கான புள்ளிகளை வரிசை மாற்றித் தொட்டால் 60°க்குப் பதிலாக 300° தோன்றி மாணவர்கள் குழம்புவார்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் இரு தசம இடங்களுக்குத் தோராயமாக்கப்பட்டுத் தெரிவதால், கூட்டினால் சிலவேளை 179.99° வரும்; இதைக் குறையாகக் கருதாமல், அளத்தலுக்கும் நிரூபித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுவதற்கான வாய்ப்பாகவே நான் கொள்கிறேன்.

தொடக்க வகுப்புகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காகித மடிப்பும் தீக்குச்சிகளும் அங்கே இதைவிட நன்றாக வேலை செய்யும். எட்டாம் வகுப்பிலிருந்து தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். 2021 இல் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கிய பின்னரும், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.