பேர்ஃபுட் ட்ரெக்கிங் பூட்ஸ்: விரலுக்கு இடம் சரி, புறங்காலுக்குப் பிடி இருக்கிறதா?

வெறுங்காலில் நடப்பதுபோல் உணர, மெல்லிய சோலும் அகலமான முனையும் வைத்துச் செய்த பேர்ஃபுட் பூட்ஸைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது முன்பக்க அகலத்தை. பெருவிரல் நேராக நிற்கிறதா, சுண்டுவிரல் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அப்பாடா, விரலெல்லாம் விரியுது" என்று வாங்கிவிடுகிறார்கள். சமதரையில் இந்த முடிவில் குறை தெரியாது. முதல் நீண்ட இறக்கத்தில் தெரியும். கால் உள்ளேயே முன்னால் வழுக்கி, பெருவிரல் முனையில் இடித்து, இரண்டு நாளில் நகம் கருத்துவிடும். உடனே "சைஸ் பத்தல" என்று அடுத்த சைஸுக்குத் தாவுவார்கள். அங்கே கால் இன்னும் தாராளமாக வழுக்கும். இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு நீளம் காரணமில்லை. புறங்காலின் மேல் பூட்ஸ் கவ்வவில்லை, அவ்வளவுதான்.

சாதாரண ட்ரெக்கிங் பூட்ஸில் கெட்டியான குதிகால் கிண்ணம் இருக்கும், வளையாத அடிப்பாகம் இருக்கும், குறுகலான முனை விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அளவு கொஞ்சம் தவறினாலும் இந்த மூன்றும் சேர்ந்து சமாளித்துவிடும். பேர்ஃபுட் வகையில் மூன்றுமே கிடையாது. குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும், சோலைச் சுருட்டிவிடலாம், குதிகால் பகுதி மெத்தென்று இருக்கும், விரல்கள் சுதந்திரமாக இருக்கும். மிச்சமிருக்கும் ஒரே பிடி, லேஸ் கட்டும் புறங்கால் பகுதிதான். (ஆல்ட்ரா கம்பெனியின் லோன் பீக் போன்றவற்றிலும் முன்பக்கம் அகலம், குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். ஆனால் அடியில் சுமார் 25 மி.மீ. மெத்தை இருப்பதால் அதைப் பேர்ஃபுட் கணக்கில் சேர்க்க முடியாது.)

அளவெடுப்பது

இவற்றில் பல வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியவை. சுங்க வரி கட்டி வாங்கியதைத் திருப்பி அனுப்புவது பெரிய தலைவலி. அதனால் ஆர்டர் போடுவதற்கு முன் அரைமணி நேரம் செலவழித்து அளவெடுப்பது லாபம்.

மாலையில், கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எடுங்கள். காலையில் கால் சிறியதாக இருக்கும். ஏ4 தாளைச் சுவரோரம் தரையில் ஒட்டி, குதிகால் சுவரைத் தொடும்படி நிற்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் சிமென்ட் வளைவாகப் பூசியிருந்தால் தாள் மூலை வரை போகாது, அளவு தப்பும்; அப்போது கதவையோ பீரோவையோ பயன்படுத்துங்கள். உட்கார்ந்து எடுத்த அளவு உதவாது. எடை விழும்போது பாதம் நீளும், அகலும். மலையில் தூக்கப்போகும் பையை, ஏழெட்டு கிலோவுடன், தோளில் மாட்டிக்கொண்டே நின்றால் இன்னும் நல்லது.

பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைவதுதான் வழக்கம். அதில் ஒரு பிசகு இருக்கிறது. பென்சிலின் தடிமன் சுமார் 7 மி.மீ. செங்குத்தாகப் பிடித்தால் கோடு பாதத்திலிருந்து 3.5 மி.மீ. வெளியே விழும். அகலத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். உள்பக்கம் சாய்த்துப் பிடித்தால் குறைத்துக் காட்டும். அதற்குப் பதில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை நீளமான விரலின் நுனியில் முட்டவைத்து அடையாளம் போடுங்கள். அகலத்துக்கு, பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் பக்கத்தில் இரண்டு புத்தகங்களை நிறுத்தி, இடைவெளியை அளந்தால் போதும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலின் அளவே கணக்கு.

இப்போது எண். விரல் நுனிக்கும் பூட்ஸ் முனைக்கும் நடுவே விடும் இடம்தான் முன்னிடம். நடைக்கு 10–12 மி.மீ. போதும். மலை இறக்கத்துக்கு 12–15 வேண்டும். தடித்த சாக்ஸ் இதில் 2 மி.மீ. வரை தின்றுவிடும். பாதம் 254 மி.மீ. என்றால், 13 சேர்த்து 267 மி.மீ. உள்நீளம் தேவை. ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.67 மி.மீ.; ஆக 40. பிரிட்டிஷ் அளவில் ஒரு முழு எண்ணுக்கு சுமார் 8.5 மி.மீ.; அங்கே 6.5 வரும். இது ஏட்டுக் கணக்குதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பலரும் ஏமாறுவது அளவுப் பட்டியலில். சில கம்பெனிகள் பாதத்தின் நீளத்தைப் போடுகின்றன, சில பூட்ஸின் உள்நீளத்தை. முதல் வகையில் முன்னிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன் மேல் நீங்களும் 13 சேர்த்தால் இரண்டு சைஸ் பெரிதாக வந்து நிற்கும். பட்டியலின் தலைப்பை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

அகலத்துக்குப் பாதத்தைவிட 3–5 மி.மீ. கூடுதல் போதும். 10 மி.மீ. மிச்சம் என்றால் பக்கவாட்டுச் சரிவில் கால் சோலுக்கு மேல் உருளும்.

விரல் அமைப்பையும் பார்க்க வேண்டும். பேர்ஃபுட் பூட்ஸ் செய்யும் கால்வடிவ அச்சுகளில் பெரும்பாலும் பெருவிரல் பக்கம்தான் அதிக நீளம். அங்கிருந்து சுண்டுவிரல் வரை சரிந்து இறங்கும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டவர்களுக்கு, அந்த இரண்டாம் விரல் முட்டும் இடத்தில் முனை ஏற்கெனவே வளைந்திருக்கும். பட்டியல்படி 13 மி.மீ. முன்னிடம் என்றாலும் அந்த விரலுக்குக் கிடைப்பது குறைவாகவே இருக்கும். ஐந்து விரலும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்பவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது விரல்கள் உரசும். இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று பாருங்கள். எந்த விரலும் ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது.

புறங்கால்

லேஸைக் கட்டிவிட்டு இரண்டு வரிசை ஓட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2–3 செ.மீ. இருந்து, இணையாக இறங்கினால் சரி. இழுத்துக் கட்டியும் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் உங்கள் காலுக்கு அந்தப் பூட்ஸில் கொள்ளளவு அதிகம்; இனி இறுக்க வழியில்லை. 4 செ.மீ.க்கு மேல் திறந்து நின்றாலோ, மேலே விரிந்து கீழே குறுகினாலோ, புறங்கால் உயரத்துக்கு அது போதாது.

பாதத்தின் வளைவு தாழ்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கொள்ளளவுத் தொல்லை அதிகம் வரும். இந்தியாவில் 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. சின்ன வயதில் செருப்பு போட்டீர்களா, ஸ்கூல் ஷூ போட்டீர்களா என்பது இன்று எந்த பூட்ஸ் கவ்வும் என்பதையும் கொஞ்சம் தீர்மானிக்கக்கூடும்.

கொள்ளளவு அதிகமானால் எல்லோரும் சொல்லும் வழி, அடியில் இன்னொரு இன்சோல் போடுவது. அது பிடிப்பைக் கூட்டும், தரையை உணர்வதைக் குறைக்கும். அதற்குத்தானே இத்தனை பணம் கொடுத்தோம்! அதைவிட நல்ல வழி, பூட்ஸின் நாக்குக்கு அடியில் 3–5 மி.மீ. தடிமனுள்ள கம்பளித் துண்டை ஒட்டுவது. அது புறங்காலை அழுத்திப் பாதத்தைக் குதிகால் பக்கம் தள்ளும். அடியில் எதுவும் மாறாது.

லேஸ் கட்டுவதில் ஒரே அழுத்தம் வேண்டாம். விரல் பக்கம் தளர்வாக விட்டு, கணுக்கால் மடிப்பில் இரண்டு லேஸையும் ஒன்றுக்கு இரண்டு முறை முறுக்கி இழுத்தால் அந்த முடிச்சு நழுவாது. அதற்கு மேலே வேறு அழுத்தம் வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் மேல்பகுதியைத் தளர்த்துங்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, மறுபடி இறுக்குங்கள். நகம் போவதைத் தடுப்பதில் இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடு எதுவும் இல்லை. எலும்பு மேட்டில் லேஸ் அழுத்தினால் அந்த ஒரு ஓட்டையில் மட்டும் குறுக்கே போகாமல் நேராக மேலே ஏற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சோல் அழுக்காகாமல் டைல்ஸ் தரையில், பையோடு, இரண்டு மணி நேரம். சுவரில் முனையை மெதுவாக மூன்று முறை உதையுங்கள். விரல் முட்டினால் நீளம் போதாது, அல்லது லேஸ் பிடிக்கவில்லை. இறுக்கிவிட்டு மறுபடி உதைத்தால் இரண்டில் எது என்று புரிந்துவிடும். மாடிப்படியில் பத்துத் தடவை இறங்குங்கள். குதிகால் 5 மி.மீ. அளவு தூக்கினால் கவலை வேண்டாம், தோல் பழகப் பழகக் குறையும். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கினால் கொப்புளம் நிச்சயம். கட்டைவிரலால் முனையை அமுக்கிப் பார்ப்பது இங்கே பயன்படாது. முனையில் கெட்டி ரப்பர் வைத்த பூட்ஸில் உள்ளே விரல் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

மாதங்கள் போன பிறகு

தோல் பூட்ஸ் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. நீர்புகா சவ்வு வைத்த செயற்கைத் துணி எந்தப் பக்கமும் இளகாது. வாங்கும் அன்று அழுத்தினால் என்றும் அழுத்தும். 3 மி.மீ. நுரை இன்சோல் நாளடைவில் நசுங்கிப்போவதால், ஆரம்பத்தில் சரியாக இருந்த பிடி தளரும். லேஸ் ஓரங்கள் நெருங்கிக்கொண்டே வருவதுதான் அறிகுறி. பூட்ஸை மாற்ற வேண்டாம், இன்சோலை மாற்றுங்கள்.

காலும் மாறும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் அன்றாட வேலைகளை மெல்லிய காலணியில் செய்தவர்களின் பாத வலிமை சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. விரல்கள் விரியும், அகலம் ஓரிரு மி.மீ. கூடலாம். அதனால் இரண்டாவது ஜோடிக்குப் பழைய எண்ணை வைத்து ஆர்டர் போடாதீர்கள்.

ஆரம்பத்தில் புறங்காலில் வலி வந்தால் இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். லேஸ் அழுத்தம் என்றால் தோலில் தடம் இருக்கும், தளர்த்தியதும் வலி அடங்கும். மறுநாள் காலையிலும் இருந்து, இரண்டாம் விரலுக்குப் பின்னாலுள்ள நீள எலும்பைத் தொட்டால் சுளீரென்றால், எலும்பு களைத்திருக்கலாம். நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை வைத்த ஐந்துவிரல் காலணிக்குப் பத்து வாரத்தில் மாறிய 19 ஓட்டக்காரர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. அது ஓட்டம்தான். ஆனால் பத்துக் கிலோ பையோடு கல்படியில் இறங்குவதும் லேசான வேலை இல்லை. முதல் மாதம் ஊருக்குள் நடை, பிறகு பையில்லாமல் சிறு குன்று, அதன் பிறகு மலை. கெண்டைக்கால் இறுகி வலிப்பது இயல்பு. பெருவிரல் மூட்டு மடங்காதவர்களும், சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களும் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு என்றால் இன்னும் சில. மழைக்காலத்தில் ரத்தம் குடிக்கும் அட்டைகள், பூட்ஸ் நாக்கின் ஓரத்து இடுக்கு வழியாகவும் புகும். நாக்கு இருபுறமும் எந்த உயரம் வரை தைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அட்டை சாக்ஸ் போடுவதாக இருந்தால் அதையும் மாட்டிக்கொண்டே அளவு பாருங்கள். ஓடை கடக்கும் பாதையில் நீர்புகா பூட்ஸ் வெளித்தண்ணீரைத் தடுக்கும்தான். ஆனால் மேல்வழியாக ஒருமுறை நிறைந்துவிட்டால் அன்று முழுக்க உள்ளேயே குளம். நனைந்ததை நியூஸ்பேப்பர் திணித்து நிழலில் காயவையுங்கள். அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும். இமயமலைப் பனிக்குப் போவதானால், மெல்லிய சோல் குளிரை அப்படியே கடத்தும். 5–6 மி.மீ. குளிர்தாங்கும் இன்சோல் தேவைப்படும். அதற்கான இடத்தை வாங்கும்போதே கணக்கில் வைக்க வேண்டும். பனியில் கடிக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்சட்டங்களான கிராம்பான்களுக்குக் கெட்டியான பூட்ஸ் வேண்டும், இவை தாங்காது.

பழைய வகை பூட்ஸைப் பல வருடம் பரணில் வைத்து எடுத்தால் நடு அடுக்கின் பாலியூரிதேன் நுரை பொடிப்பொடியாக உதிரக்கூடும். பேர்ஃபுட் வகையில் அந்த அடுக்கே பெரும்பாலும் இல்லாததால் அந்தத் தொல்லையும் இல்லை. போவது வேறு இடம்: விரல் மடியும் கோட்டில், முனை ரப்பர் பசை விட்டுப் பிரியும். சோலின் பற்களும் குதிகாலைவிட முன்பாதத்தில் முதலில் தேயும். பிரிந்த இடம் சின்னதாக இருக்கும்போதே தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஓரத்தையல் போடச் சொல்லலாம். கொடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, குதி மட்டும் வச்சிராதீங்க." சொல்லாவிட்டால், தேய்ந்திருக்கிறதே என்று நல்ல மனதோடு பின்னால் ஒரு துண்டு ரப்பர் ஒட்டித் தந்துவிடுவார்.