ஜிம்முக்குப் போனால் பெண் அமையுமா? சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கைச்சதையைப் பார்த்து எந்தப் பெண்ணும் என்னிடம் மயங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஜிம்மில் சேரும் இளைஞர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில்தான் பணம் கட்டுகிறார்கள். ஊரடங்கு தளர்ந்த 2021-இல், வீட்டில் என் ஜாதகத்தைக் கையில் எடுத்த நேரத்தில், நானும் கே.புதூர்ப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மாட்டுத்தாவணி அருகே மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. இன்றுவரை விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் பலன் தெரிந்த இடம் இடுப்பு. எங்கள் குடும்பத்துக்குத் தைப்பவர், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாற்றிப் போன தையல்காரர். மார்பில் டேப்பைச் சுற்றி ஓர் எண்ணைச் சொல்வார், வயிற்றில் சுற்றி அதே எண்ணைச் சொல்வார், சீட்டில் எழுதிக்கொள்வார். பல வருடமாக இதுதான் நடந்தது. ஒரு தீபாவளிக்கு வயிற்றை அளந்தவர் எண்ணைச் சொல்லாமல் டேப்பைத் தளர்த்தி மறுபடி சுற்றினார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.யைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. நான் அதற்குக் கீழே வந்திருந்தேன். தோள் ஒரு விரற்கடை கூட அகலமாகியிருக்காது. ஆனாலும் சட்டை தோளிலிருந்து நேராக விழுந்தது, பொத்தான்களுக்கு நடுவே துணி இழுபடவில்லை. தோற்றத்தில் வந்த மாற்றத்தில் முக்கால் பங்கு இதுதான். வயிற்றை மட்டும் கரைக்கும் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. எத்தனை முறை குனிந்து நிமிர்ந்தாலும் கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும்தான் இறங்கும்.

இனி வரன் தேடல். மெலிந்தால் மதிப்புக் கூடும் என்று நினைத்திருந்தேன். திருமங்கலத்தில் ஒரு வீட்டில், பெண்ணின் பெரியம்மா என் பழைய புகைப்படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பிக்குச் சர்க்கரை ஏதும் உண்டா?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குப் பிறகு தரகரிடம் கொடுக்கும் படத்தையே மாற்றினோம். பெண் வீட்டார் விசாரிக்கும் வரிசை எங்கள் பக்கம் மாறவே இல்லை: ஜாதகப் பொருத்தம், வேலை, சொந்த வீடு, கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கை இருக்கிறாளா. உடம்பு இந்த வரிசையில் நோயாக மட்டுமே நுழைகிறது. பெண்ணிடம் தனியாகப் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில்தான் அதற்கு வேறு மதிப்பு வருகிறது. அந்தப் பத்து நிமிடம் வரை போவதற்கு ஜிம் உதவாது.

டேட்டிங் செயலியில் கணக்கு வேறு. அங்கே படம்தான் ஜாதகம். மதுரையில் அதில் இருப்பவர்களே குறைவு. விரலை நாலு முறை தள்ளினால் பக்கத்துத் தெருக்காரர் வந்துவிடுவார். அங்கே பழக்கமான ஒரு பெண்ணிடம், எதைப் பார்த்துப் பதில் எழுதினீர்கள் என்று கேட்டேன். "படத்தில் முகம் தெளிவாக இருந்தது, சட்டை போட்டிருந்தீர்கள்" என்றார். ஜிம் கண்ணாடிக்கு முன்னால் பனியனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படங்களை அவர் பார்த்த வேகத்தில் தள்ளிவிடுவாராம்.

அவர் ஒருவரின் ரசனை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு இளைஞர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. பெண்களுக்கு எப்படிப்பட்ட உடல் பிடிக்கும் என்று கேட்டபோது, தங்கள் உடம்பைவிடச் சுமார் 14 கிலோ சதை கூடுதலாக உள்ள உருவத்தை அவர்கள் காட்டினார்கள். பெண்களிடம் கேட்டபோது அவர்கள் சாதாரண ஆண் உடம்பையே விரும்பினார்கள். 2007-இல் வந்த அமெரிக்க ஆய்விலும் அளவான கட்டுடலுக்குத்தான் முதலிடம். மிகையாகச் சதை வைத்தவர்கள் ஒருத்தியோடு நிலைக்க மாட்டார்கள் என்று பெண்கள் கருதினார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 2017-இல் வெளியான ஆய்வில் வலுவாகத் தெரியும் உடலையே பெண்கள் கவர்ச்சியானது என்றார்கள். ஆனால் அந்தப் படங்களில் முகத்தை மறைத்திருந்தார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க உட்கார முடியுமா?

அந்தப் பெண்ணும் நானும் ஒரு ஞாயிறு காலை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோவில், ஆலமரம். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் செங்குத்தாக ஏறும். பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு எதிரே நிற்கும்வரை பேச்சு அறுபடவில்லை. ஏறும்போதே பேச மூச்சு இருந்தது, அவருடைய கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தது. பழைய உடம்போடு வந்திருந்தால் பாதிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருப்பேன். இத்தனை ஆண்டில் பயிற்சி நேரடியாகக் கைகொடுத்த இடம் இதுதான் என்பேன். இதைத் தந்தது மல்லாந்து படுத்துப் பளுவைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ் இல்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்துக் காலை ஓட்டமும் பஸ்கியும். பிறகு அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, பேச்சும் அதோடு நின்றது.

செலவில் சாப்பாட்டுக்குத்தான் முதலிடம். சதை வளர உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் தேவை. 70 கிலோ எடை உள்ளவருக்கு 112 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்பதால் கணக்குச் சுலபமாக இடிக்கும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது. அந்த மாதம் கொண்டைக்கடலைச் சுண்டல், சோயா, தயிர் என்று ஓட்டுவேன். நள்ளிரவிலும் புரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊரில் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதுதான் பளு தூக்குவதைவிடக் கடினம். புரதப் பொடி வசதிக்காக வாங்கலாம், கட்டாயம் இல்லை.

ஊசிக்கு மட்டும் போகாதீர்கள். இடையில் நான் போன வேறொரு ஜிம்மில் பயிற்சியாளர் ஒருவர், கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறவர்களாகப் பார்த்து ஸ்டீராய்டு பேசுவார். அந்த ஊசி வழியாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால், போதும் என்று மூளை உள் உற்பத்திக்கான உத்தரவை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை அடியோடு விழும், சிலருக்கு மார்பகம் வளரும். மாப்பிள்ளைக் கோலத்துக்காக ஏற்றியதற்கு அடுத்த வருடம் குழந்தைப்பேறு மருத்துவரிடம் வரிசையில் உட்கார வேண்டியிருக்கும்.

ஜிம்மால் பெண் அமையாது என்று சொன்னால், அந்தக் காலத்தில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்குத்தானே பெண் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். அந்தக் கல்லுக்குப் பிடிமானம் கிடையாது, வழவழவென்ற உருண்டை. குந்தி அணைத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். வேலை முழுக்கத் தொடைக்கும் முதுகுக்கும்தான். கண்ணாடிக்கு முன் நாம் முறுக்கிப் பார்க்கும் கைச்சதைக்கு அதில் பங்கு கொஞ்சம். உழவு மாட்டோடு வாழப்போகிறவனுக்கு வைத்த தேர்வு அது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் போட்டி நடக்கிறது, பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். யாரும் யாருக்கும் பெண் கொடுப்பதில்லை.

சேர நினைப்பவர்களுக்கு: ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மூன்று மாதம் மூன்று மாதமாகக் கட்டுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. ஜனவரியில் எங்கள் ஜிம்மில் டம்பெல்லுக்கு வரிசை நிற்கும். சித்திரைத் திருவிழா வரும்போது, மின்விசிறி மட்டும் உள்ள அந்தக் கூடத்தில் மே மாத வெயிலுக்கு ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சியிருப்போம். சந்தாவைத் திருப்பித் தரமாட்டார்கள்.