1.5, 3, 7 டெஸ்லா: தசையின் ஆக்சிஜனை எதில் பார்ப்பது?

கெண்டைக்கால் தசையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை எம்ஆர்ஐயில் பிடிக்க டெஸ்லா, அதாவது ஸ்கேனரின் காந்தப்புல வலிமை, கூடினாலே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைக்கும், புலம் வலுக்க வலுக்கக் கலைப்பும் கூடும். ஆனால் கூடவே சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதும் மாறிவிடுகிறது, இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1.5 டெஸ்லாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தொடையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டுத் திறந்துவிடும் சோதனைக்கு அது தாங்கும், திறந்ததும் வருகிற ஏற்றம் பெரியது. பாதத்தை ஒரே ஒரு தடவை மேலே இழுத்துவிட்டு அதன் விளைவைத் தேடினால் பலமுறை எடுத்து சராசரி போட வேண்டியிருக்கும்.

3 டெஸ்லாவில் சிக்னல் தெளிவாகிறது, ஆனாலும் மாற்றத்தின் பெரும்பகுதி ரத்தக் குழாய்களுக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது. காரணம் அழகானது: தசையில் தந்துகிகள் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள்) பெரும்பாலும் இழைகளை ஒட்டியே நீளவாக்கில் ஓடுகின்றன, காலோ ஸ்கேனருக்குள் புலத்தின் திசையிலேயே நீட்டிக் கிடக்கிறது, புலத்துக்கு இணையான குழாய் தனக்கு வெளியே அனேகமாக எதையும் கலைப்பதில்லை. மூளையில் தந்துகிகள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் அங்கே கிடைத்த பாடத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது.

7 டெஸ்லாவில் குழாய்க்கு வெளியே உள்ள திசுவும் பேச ஆரம்பிக்கிறது. சிரை ரத்தம் வேகமாக சிக்னலை இழப்பதால் ஓய்வில் சிரைகள் கறுத்துத் தெரியும், ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் பாய்ந்ததும் வெளுக்கும். பார்க்க ஜோர்! ஆனால் சராசரி எடுக்கும் பகுதிக்குள் பெரிய சிரை ஒன்று புகுந்துவிட்டால் தசையின் கதை அந்தச் சிரையின் கதையாகிவிடும். அப்புறம் கொழுப்பு வேறு: நீருக்கும் கொழுப்புக்கும் இடையிலான அதிர்வெண் இடைவெளி 1.5 டெஸ்லாவில் சுமார் 220 ஹெர்ட்ஸ், இங்கே சுமார் 1000, கொழுப்பின் சிக்னலைச் சரியாக அடக்காவிட்டால் படத்தில் தோலடிக் கொழுப்பு நகர்ந்து தசைமேலேயே வந்து உட்காரும். ஸ்கேனர் அனுப்பும் ரேடியோ அலையின் நீளமும் தசைக்குள் 13 செ.மீ. அளவுக்குச் சுருங்குவதால் தொடையில் திட்டுத்திட்டாக ஒளிர்வு ஏறி இறங்கும்.

என் ஓட்டு 3 டெஸ்லாவுக்கு. கெண்டைக்கால் மட்டும், அதுவும் சின்னச் சின்ன மாற்றங்கள்தான் வேண்டும், சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருளும் (coil) கையாளும் ஆளும் சரியாக அமைந்தால் 7க்குப் போகலாம். எதில் எடுத்தாலும் பல எக்கோ நேரங்களில் (ரேடியோ துடிப்புக்கும் சிக்னலைப் படிப்பதற்கும் இடையிலான நேரம்) எடுங்கள். ஒரே எக்கோ என்றால் புது ரத்தம் உள்ளே பாய்வதால் வரும் வெளுப்பையும் ஆக்சிஜன் ஏற்றத்தையும் பிரிக்க வழியில்லை.