ஒற்றை உள்நுழைவு: சொந்த சேர்வரா, கிளவுட் சேவையா?

ஹட்டன், பதுளைப் பக்கத் தோட்டக் காரியாலயங்களை ஒரே உள்நுழைவில் (ஒரே கடவுச்சொல்லால் எல்லா மென்பொருள்களிலும் நுழையும் முறை) இணைக்க விரும்புவோர், மொத்தப் பணியாளர் தொகையை மட்டும் பார்த்து அளவைத் தீர்மானிப்பது தவறு.

கொள்ளளவு: சொந்த சேர்வருக்கு உச்ச நேரமே கணக்கு, வினாடிக்கு 15 கடவுச்சொல் உள்நுழைவுகளுக்கு ஒரு கணினிச் செயலி மையம் (vCPU) ஒதுக்குமாறு, ஒற்றை உள்நுழைவுக்கான திறமூல மென்பொருளான கீகுளோக்கின் (Keycloak) வழிகாட்டி கூறுகிறது. காலையில் 600 பேர் ஐந்து நிமிடங்களில் நுழைந்தாலும் வினாடிக்குச் சராசரியாக இருவர்தான். இணையம்வழி வழங்குநரின் சேர்வரைப் பயன்படுத்தும் கிளவுட்டில் இக்கணக்கு அவ்வழங்குநருடையது.

செலவு: சொந்தத்தில் இயந்திரமும் பராமரிப்பாளரும்; கிளவுட்டில் பெரும்பாலும் ஆள்வீதம் மாதக் கட்டணம்.

தடங்கல்: மண்சரிவில் இணைய இணைப்பு அறுந்தால் கிளவுட் எட்டாது, சொந்த சேர்வர் ஒன்றே இருந்து அது நின்றால் எல்லா மென்பொருளும் பூட்டிக்கொள்ளும் என்பதால், இரண்டாவது சேர்வர் கட்டாயம் என்பேன்.

தொழில்நுட்ப ஆள் இல்லாத சிறு நிறுவனத்துக்குக் கிளவுட் பொருந்தும். உள்ளக மென்பொருள்கள் மிகுந்த கம்பனிக்கு இரண்டு சொந்த சேர்வர்களே ஏற்றவை.