கோல்டு விங், கே 1600, அல்ட்ரா லிமிடெட்: அட்டையில் இருக்கும் எடையும் கையில் இறங்கும் எடையும்

பெரிய டூரிங் பைக்குகளை ஒப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது கிலோவைத்தான். ஹோண்டா கோல்டு விங் டூர், ஆண்டையும் கியர்பாக்ஸையும் பொறுத்து 380 முதல் 390 கிலோ வரை. பி.எம்.டபிள்யூ கே 1600 ஜிடிஎல் 358 கிலோ. ஹார்லி அல்ட்ரா லிமிடெட் 416 கிலோ. இப்படிப் பார்த்தால் பி.எம்.டபிள்யூதான் கைக்கு லேசாக இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது அது உண்மை. நிற்கும்போதும் நடைவேகத்திலும் அந்தக் கணக்கு செல்லாது. இந்த ரகப் பைக்குகள் பெரும்பாலும் கீழே சாய்வதும் அப்போதுதான்.

எடையை ஒப்பிடும்போது ஒரே அளவையை வைத்துப் பாருங்கள். ஹார்லி இரண்டு எடை அச்சிடும்: தொழிற்சாலையை விட்டு வரும்போது ஒன்று, ஆயிலும் பெட்ரோலும் ஊற்றி ஓடத் தயாரான நிலையில் இன்னொன்று. 416 என்பது இரண்டாவது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. கே 1600-இன் 26.5 லிட்டர் டேங்கை நிரப்பினால் 20 கிலோ, கோல்டு விங்கின் 21 லிட்டருக்குச் சுமார் 16 கிலோ. காலி டேங்கோடு ஷோரூமில் நிற்கும் வண்டியை ஆட்டிப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எடையை விட அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். 380 கிலோ வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 5 டிகிரி சாய்ந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹேண்டிலில் அதைத் தாங்க ஏறத்தாழ 17 கிலோ விசை போதும். 10 டிகிரியில் 33 கிலோ. 20 டிகிரியில் 65 கிலோ. 5 டிகிரியில் எவரும் பிடித்துவிடலாம், 20 டிகிரியில் பெரும்பாலோரால் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. பின்னால் ஆள் ஏறி, சீட்டுக்குப் பின்னால் மேலே இருக்கும் டாப் பாக்ஸும் நிரம்பினால் எடைமையம் மேலே போகும், எல்லா எண்ணும் கூடும்.

கோல்டு விங்கின் ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. எஞ்சினின் கனமெல்லாம் தாழ்வாக இருப்பதால், கிளம்பிய இரண்டாவது மீட்டரிலேயே வண்டி தானாக நிமிர்ந்துகொள்ளும். 2018-இல் வண்டியை அடியோடு மாற்றியபோது 40 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். முன்பக்கம் வழக்கமான ஃபோர்க்குக்குப் பதிலாக, கார்களில் இருப்பதுபோன்ற இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் வந்ததால், மேடுபள்ளத்தின் அடி கைக்கு வருவதும் குறைந்தது. டி.சி.டி. (இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) மாடலில் கிளட்ச் லிவர் கிடையாது. யு-டர்னில் கிளட்சை நழுவவிட்டுப் பழகிய இடதுகைக்கு முதல் சில நாட்கள் வேலையே இருக்காது. ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி வேகத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுசாக மூடித் திறந்தால் வண்டி வெடுக்கென்று இழுக்கும், வளைவின் நடுவே அது ஆபத்து. எஞ்சினை அணைத்த பிறகு டி.சி.டி. வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தவும் முடியாது, பார்க்கிங் பிரேக்கை மறக்காமல் போட வேண்டும்.

கே 1600-இல் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையாகக் குறுக்கே நிற்கின்றன. தாழ்வாக இருக்கட்டும் என்று எஞ்சினை 55 டிகிரி முன்னே சாய்த்திருக்கிறார்கள். ஆனாலும் டேங்க் அதற்கு மேலே இருப்பதால், நிறை டேங்கோடு நடைவேகத்தில் மேல்பாரம் தெரியும். 40 கி.மீ. வேகம் தாண்டியதும் இந்த மூன்றில் சுறுசுறுப்பாகத் திரும்புவது இதுதான். வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) 1618 மி.மீ., கோல்டு விங்குக்கு 1695. இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைப்பாதையில் 48 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே மூச்சில் ஏற வேண்டுமென்றால் எங்கள் தேர்வு கே 1600. ஒரே எச்சரிக்கை: இதில் முன் பிரேக் லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், பின் பெடல் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். ஹேண்டில் முழுசாகத் திரும்பியிருக்கும்போது முன் லிவரைத் தொட்டால் வண்டி உள்பக்கமாக விழுந்துவிடும். மெதுவான வளைவில் வலது காலுக்கு மட்டும்தான் வேலை.

ஹார்லி கிலோவில் முதலிடம், ஆனால் உட்கார்ந்ததும் அது தெரியாது. சீட் தாழ்வு, டேங்க் பக்கம் குறுகல், குட்டையானவருக்கும் இரண்டு பாதமும் தரையில் பதியும். குறைந்த ஆர்.பி.எம்.-லேயே இழுவை தாராளம் என்பதால் நெரிசலில் கிளட்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சிக்கல் இரண்டு. வளைவில் கால் வைக்கும் பலகையான ஃபுட்போர்டு சீக்கிரமே தரையில் உரசும். அடுத்தது இதைவிடப் பெரிது: ரிவர்ஸ் இல்லை.

ஷோரூமில் யாரும் சோதித்துப் பார்க்காத விஷயம் இந்த ரிவர்ஸ். விடுதி வாசலில் ஜல்லி பரப்பிய இடம், சுவரை நோக்கிச் சற்றே சரிவு. முன்பக்கமாக ஓட்டிப்போய் நிறுத்திவிட்டீர்கள். காலையில் பெட்டிகள் நிரம்பிய 416 கிலோவை மேட்டில் பின்னோக்கித் தள்ள வேண்டும், கால் வைத்த இடமெல்லாம் ஜல்லி சறுக்குகிறது. கோல்டு விங் டி.சி.டி.யில் ‘வாக்கிங் மோடு’ போட்டால் முன்னும் பின்னும் மிக மெதுவாக நகரும். கே 1600-இல் ஸ்டார்ட்டர் மோட்டாரே பின்னுக்கு இழுக்கும். ஹார்லிக்காரர் நிறுத்தும்போதே கிளம்புவதைப் பற்றி யோசித்தாக வேண்டும்: பின்சக்கரம் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்தினால், காலையில் பின்னுக்குத் தள்ளாமல் எஞ்சின் இழுவையிலேயே முன்னோக்கிக் கிளம்பலாம்.

எந்த வண்டியானாலும் பாரத்தைக் கூட்டிக்காட்டும் தப்புகள் இரண்டு. முதலாவது காற்று. கோல்டு விங்குக்கு முன் 36, பின் 41 பி.எஸ்.ஐ. கே 1600-க்கு இரண்டிலும் 42. முன் டயரில் காற்று குறைந்தால் பார்க்கிங்கில் ஹேண்டில் கல்லாகக் கனக்கும், வளைவில் வண்டி பொத்தென்று உள்ளே சாயும். எடைதான் காரணம் என்று நினைத்து வண்டியையே விற்கும் முன் ஒரு கேஜை வைத்துப் பாருங்கள். இரண்டாவது, பின் ஸ்பிரிங்கின் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைக்கிறோம் என்பது. இருவர் ஏறியும் அதைக் கூட்டாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, திருப்பம் மந்தமாகும். சைடு ஸ்டாண்டிலும் இது தெரியும். வண்டி தாழ்ந்ததால் ஸ்டாண்டு நீளமாகிவிட்டதுபோல் ஆகி, வண்டி நிமிர்ந்து நிற்கும். சிறு தள்ளலிலேயே மறுபக்கம் சாயும். கோல்டு விங் டூரிலும் கே 1600-இலும் இதைச் சுவிட்சிலேயே மாற்றலாம். ஹார்லியில் கையால் திருகும் குமிழ், அதற்காக இறங்கிக் குனிய வேண்டும், அதனாலேயே பலர் தொடுவதில்லை.

பெட்டியில் கனமானதைப் பக்கப் பெட்டிகளின் அடியில் வையுங்கள். டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. அதில் மழைக்கோட்டும் ஜாக்கெட்டும் போதும், தண்ணீர் கேனும் டூல் பையும் வேண்டாம்.

வண்டி விழுந்தேவிட்டால் இந்த வரிசையில் தூக்குங்கள். இக்னிஷனை அணையுங்கள். வலதுபக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கி வையுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் விழும். உருளாதபடி கியரில் போடுங்கள், டி.சி.டி.யில் பார்க்கிங் பிரேக். ஹேண்டிலை விழுந்த பக்கமாகவே முழுசாகத் திருப்புங்கள். சீட்டின் விளிம்பில் இடுப்பின் பின்பக்கத்தைச் சாய்த்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் மறுகையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, காலால் உந்திப் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நகருங்கள். கையால் இழுக்கக் கூடாது. ஜல்லியிலோ ஈரப்புல்லிலோ தனியாக இருந்தால் முயலவே வேண்டாம், வழியில் போகும் இன்னொருவரை நிறுத்துங்கள்.

வாங்கும் முன் மூன்றையும் ஒரே நாளில், டேங்க் நிரப்பி, பின்னால் ஆளை உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு யு-டர்ன். பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கி நின்றபடி மூன்று மீட்டர் பின்னோக்கித் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டு உள்ள கோல்டு விங்கிலும் கே 1600-இலும் ஒருமுறை அதைப் போட்டு எடுங்கள்: கையால் தூக்காமல், முழு உடல் எடையையும் ஸ்டாண்டின் மிதியில் இறக்கினால் வண்டி தானே ஏறும்.