‘சவுண்டுக்கு ரெடி’ என்று தந்த ஃபைலை நம்பி ஒன்பது நாள் போச்சு

ஃபோலி (படத்தைப் பார்த்துக் காலடி போன்ற சத்தங்களைப் பதிவது), எஃபெக்ட்ஸ் வேலை செய்கிறவர்களும் சொந்தக் காசில் படம் எடுக்கிற தம்பி தங்கைகளும் வீடியோ ஃபைலை மாற்றித் தரும் கடைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

போன மாதம் 40 நிமிட ஆவணப்படம் ஒன்றுக்கு ஃபோலி எடுத்துக்கொண்டேன், வசனம் வேறொருவர் பார்த்தார். எடிட்டர் தந்த எம்பி4 வீடியோ, சவுண்டு மென்பொருளான புரோ டூல்ஸில் திக்கித் திக்கி ஓடியது. அதற்குள் இருந்த ஹெச்.264 என்ற வீடியோ சுருக்க முறை அப்படித்தான்: முழுப் படம் எப்போதாவது ஒரு ஃபிரேமில்தான் இருக்கும், மற்ற ஃபிரேம்களில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும், அதனால் ஒரு காலடி விழும் இடத்தில் நிறுத்தி முன்னும் பின்னும் போனால் மென்பொருள் ஒவ்வொரு தடவையும் பழைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட வேண்டும். எடிட்டிங் வேலைக்கான டிஎன்எக்ஸ்ஹெச்டி, புரோரெஸ் பிராக்ஸி முறைகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம். அப்படி மாற்றித் தர வடபழனிப் பக்கம் ஒரு கடையில் இயக்குநர் தம்பி 4,000 ரூபாய் கட்டினார். "டிஎன்எக்ஸ்ஹெச்டி 36 போட்டாச்சாம், இனி சிக்காதுன்னு சொன்னாங்க அண்ணே" என்று சந்தோஷமாகக் கொண்டு வந்தார்.

வந்த எம்ஓவி ஃபைல் 1.1 ஜிபி. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். டிஎன்எக்ஸ்ஹெச்டி 36 என்றால் நொடிக்குச் சுமார் 36 மெகாபிட், 40 நிமிடத்துக்குப் பத்து ஜிபிக்கு மேல் வரணும். கொஞ்சம் சிக்கத்தான் செய்தது, என் கம்ப்யூட்டர் பழசு என்று நினைத்து ஒன்பது நாள் அதிலேயே உட்கார்ந்து முடித்தேன்.

எல்லாச் சத்தத்தையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில்தான் தெரிந்தது. வசனம் சரியாக உட்கார்ந்திருக்கு, என் காலடிகள் மட்டும் பத்தாவது நிமிடத்தில் அரை நொடிக்கு மேல் முந்துகின்றன, கடைசிக் காட்சியில் 2.4 நொடி! ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தேன். உள்ளே அதே ஹெச்.264, வெளிப்பெயர் மட்டும் எம்ஓவி, அதோடு நொடிக்கு 23.976 ஃபிரேமை 24 ஆக்கி வேகமாக ஓட விட்டிருந்தார்கள். கூடவே வந்த கைடு ட்ராக்கும் (ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் எடிட்டின் ஒலி) சேர்ந்து வேகமாகிவிட்டதால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

கடைக்குப் போன் செய்தால் "உங்க சாஃப்ட்வேர் பிரச்சினை சார்" என்றார்கள், அப்புறம் எடுக்கவே இல்லை. என் ட்ராக்குகளை எல்லாம் 0.1 சதவீதம் நீட்டி, ஒட்டு விழுந்த இடங்களைத் தேடித் தேடிச் சரிசெய்ய இரண்டு இரவு ஆனது.

யாரிடம் கொடுத்தாலும் கோடெக் (சுருக்க முறை), ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), மொத்த நீளம் மூன்றையும் மீடியாஇன்ஃபோவில் பார்த்த பிறகே செஷனில் போடுங்கள். போனில் எடுத்த காட்சி என்றால் ஃபிரேம் ரேட் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், மாறினால் இதே மாதிரி படத்துக்கும் சத்தத்துக்கும் சிங்க் நழுவும். டைம்கோடை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்ணை, படத்தின் மேலேயே பதித்துத் தரச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், கடைசி ஃபிரேமின் எண்ணை எடிட்டரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். ஃபைல் மாற்றும் ஷட்டர் என்கோடர் மென்பொருள் இலவசம், இப்போது நானே அதில் மாற்றிக்கொள்கிறேன்.

தம்பியின் 4,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.