பண்டிலைத் தூக்க வழிவிடும் குழாய் எது? ஃபின் ஃபேன் கூலருக்கான மூன்று அமைப்புகள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், டியூப்களுக்குள் ஓடும் சூடான பாய்மத்தை மின்விசிறிக் காற்றால் குளிர்விக்கும் ஃபின் ஃபேன் கூலர், பெரும்பாலும் குழாய்களைச் சுமக்கும் எஃகுச் சட்டமான பைப் ரேக்கின் உச்சியில் அமர்ந்திருக்கும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் நாசில்களுக்கு (குழாய் இணையும் வாய்களுக்கு) வரும் குழாய் எந்த வழியில் வளைந்து வருகிறது என்பது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. ஷட்டவுனில், டியூப் முனைகள் சேரும் ஹெட்டர் பெட்டியின் பிளக்குகளை (திருகு மூடிகளை) கழற்றி டியூப்களைக் கழுவவோ, ஒழுகும் டியூபை இருமுனையிலும் அடைக்கவோ, பழுதான பண்டிலை, அதாவது டியூப் தொகுதியை, கிரேனால் தூக்கவோ வேண்டிவரும் நாளில்தான், வரைபடத்தில் சில மீட்டர் குழாயை மிச்சப்படுத்தியவரின் பெயரைப் பராமரிப்புக் குழு விசாரிக்கத் தொடங்கும்.

மிச்சம் பிடிப்பதில் முதலிடம் நேர் மேனிஃபோல்டுக்கு. முதன்மைக் குழாய் ஹெட்டர் பெட்டிகளுக்கு நேர் மேலாக ஓடி, ஒவ்வொரு நாசிலுடனும் குறுகிய கிளையால் ஃபிளாஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்போடு) ஃபிளாஞ்சாகச் சேரும். குழாய், வெல்டிங், அழுத்த இழப்பு ஆகிய மூன்றுமே இதில் குறைவு. ஆனால் வெப்ப விரிவு வேறு கணக்குச் சொல்கிறது. கார்பன் எஃகு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும், ஆகவே 20 மீட்டர் மேனிஃபோல்டை நடுவில் நிலைநிறுத்தினாலும் ஒவ்வொரு முனையும் 12 மி.மீ. வெளியே தள்ளப்படும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 661 தரம் பண்டிலுக்குக் கேட்கும் பக்கவாட்டு நகர்வோ இருபுறமும் 6 மி.மீ. அல்லது ஒரே புறம் 12 மி.மீ. மட்டுமே. கடைசிப் பண்டில்களை உட்பக்கமாக ஒதுக்கிப் பொருத்தி, அந்த 12 மி.மீ. முழுவதையும் வெளிப்புறமாகக் கிடைக்கச் செய்யலாம். அதற்கு மேல் நீண்டால் சுமை நாசிலின் மேல்தான் ஏறும். இதைவிடப் பெரிய குறை, ஹெட்டர் குழாய்க்கு அடியில் சிக்கியிருப்பது. ஒரே ஒரு பண்டிலைச் செங்குத்தாகத் தூக்க வேண்டுமானாலும், எல்லா நாசில்களையும் பிரித்து மேனிஃபோல்டையே இறக்க வேண்டியிருக்கும். சூடு குறைவாக உள்ள, இரண்டு மூன்று பண்டில் மட்டும் கொண்ட கூலருக்கு இது போதும். அதைத் தாண்டி நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, முதன்மைக் குழாயை ஹெட்டருக்கு வெளியே, நடைமேடையின் பக்கமாக விலக்கி வைத்து, அங்கிருந்து முழங்கை வளைவுடன் கூடிய கிளைகளை நாசிலுக்குக் கொண்டுவருவது. கிளையின் வளைவு விரிவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. கிளையின் இரு முனைகளிலும் ஃபிளாஞ்ச் வைத்துக் கழற்றக்கூடிய ஸ்பூலாக (தனிக் குழாய்த் துண்டாக) அமைத்துவிட்டால், அந்தப் பண்டிலின் ஸ்பூல்களை மட்டும் எடுத்துவிட்டுத் தூக்கலாம். மற்ற இணைப்புகளைத் தொட வேண்டாம். தாங்கு எஃகும் அழுத்த இழப்பும் கூடும் என்பது உண்மை. விலக்கும் திசையில் தவறு நேர்வதும் உண்டு: உட்பக்கமாக, டியூப்களுக்கு மேலே குழாயைத் தள்ளினால் காற்றோட்டமும் கெடும், தூக்கும் வழியும் அடைபடும். வெளிப்பக்கம் வைக்கும்போதும், நடைமேடையில் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கத் தலைக்கு மேல் இடம் வேண்டும். கிளை எதுவும் பிளக் வரிசைக்கு முன்னால் இறங்கக் கூடாது. முப்பரிமாண மாதிரியில் குழாய் எதிலும் இடிக்கவில்லை என்று பச்சைக்கொடி காட்டுவார்கள். பிளக்கைத் திருப்பும் ஸ்பேனரின் கைப்பிடி சுழல இடம் இருக்கிறதா என்பதை அந்த மாதிரி தானாகச் சொல்லாது.

மூன்றாவதான சமச்சீர்க் கிளையமைப்பு பராமரிப்புக்காகப் பிறந்ததன்று. கனமான எண்ணெயை ஹைட்ரஜனுடன் சேர்த்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கரில், ரியாக்டரிலிருந்து வெளிவரும் ஓட்டத்தைக் குளிர்விக்கும் கூலரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்து அம்மோனியம் பைசல்ஃபைடு உருவாகிறது. ஓட்டம் ஒரு பண்டிலுக்குக் குறைந்தால் அங்கே உப்புப் படியும். மற்றொன்றுக்கு மிகுந்தால் அங்கே உலோகம் அரிக்கப்படும். எனவே குழாய் இரண்டு, நான்கு, எட்டு எனச் சமமாகப் பிரிந்து செல்லும் அமைப்பை ஏபிஐ 932-பி ஆவணம் வலியுறுத்துகிறது. விளைவாக, ஹெட்டர்களுக்கு மேல் அடுக்கடுக்காகக் கனத்த குழாய்கள் நிற்கும். ஒவ்வொரு பண்டிலையும் தனியே மூட வால்வு வைத்தாலோ, ஒன்றை அடைத்தவுடன் சமநிலை குலையும். பிரிப்பதற்காக ஃபிளாஞ்சுகளைத் தாராளமாக வைக்கலாம் என்றால், உயர் அழுத்த ஹைட்ரஜனுக்கு ஒவ்வொரு ஃபிளாஞ்சும் கசியக்கூடிய ஓர் இடம். இங்கே என் தேர்வு நடுவழி: நாசில் ஃபிளாஞ்சையும் கடைசிக் கிளைப்பிரிவுக்குக் கீழே ஒரே ஒரு ஃபிளாஞ்சையும் வைத்து, மேலடுக்கு முழுவதையும் வெல்டிங்கில் இணைத்துத் தனித் தாங்கியில் நிறுத்துவது.

மின்விசிறி கீழிருக்கும் கூலரில் ஸ்பூல் நீங்கியதும் பண்டில் மேலே வரும். மேலிருக்கும் வகையில் விசிறியையும் அதன் காற்றறையையும் முதலில் இறக்க வேண்டும் என்பதால், குழாயில் எவ்வளவு கவனம் செலுத்தினாலும் பலன் பாதிதான். பாஸ்களின் எண்ணிக்கை, அதாவது பாய்மம் கூலரின் நீளத்தை எத்தனை முறை கடக்கிறது என்பது, இரட்டைப்படையாக இருந்தால் உள்வரவும் வெளியேற்றமும் ஒரே முனையில் அமைந்து, மறுமுனையின் பிளக்குகள் குழாயே இல்லாமல் திறந்து கிடக்கும். இரண்டாவது அமைப்பைத் தேர்ந்தவர் வெப்பப் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான்.